சுண்டுவிரலும் கதவு ரப்பரும்

அந்த ரப்பர் தொழிற்சாலையில் அவளுக்குச் சுண்டுவிரல் என்றுதான் பெயர். சின்னவர்கள் சுண்டுவிரல் அக்கா என்பார்கள். சூப்பர்வைசருக்கு மட்டும் அவள் 'ஏம்மா'. அவருக்கு அங்கே இருக்கிற எல்லாப் பெண்களுமே 'ஏம்மா'தான், அதில் அவர் யாருக்கும் வஞ்சனை வைத்ததில்லை. மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிறவள் என்று பெயரெடுத்தவள் அவள். ஆனால் இந்தப் பட்டப்பெயருக்கு மட்டும் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. அது உழைத்துச் சம்பாதித்த பெயர்.

பஸ் கதவு மூடும்போது பார்த்திருப்பீர்கள். அதன் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை ஓடும். மழைச்சாரலும் தூசியும் உள்ளே வராமல் தடுக்கத்தான் அது என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மட்டும் என்றால் ஏதோ ஒரு ரப்பர் போதுமே. இந்தப் பட்டைக்கு உள்ளே குழாய் மாதிரி ஒரு வெற்றிடம் உண்டு. அந்தக் குழாய்க்குள் மின்சாரம் ஓடுகிற இரண்டு மெல்லிய நாடாக்கள், ஒன்றையொன்று பார்த்தபடி, ஒன்றையொன்று தொடாமல், பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் ஒரே வீட்டில் குடியிருப்பது மாதிரி இருக்கும். மூடுகிற கதவுக்கு நடுவே ஒரு கையோ பையோ அகப்பட்டால் ரப்பர் அமுங்கும், நாடா இரண்டும் தொட்டுக்கொள்ளும், கதவு சட்டென்று பின்வாங்கிவிடும். கை பிழைத்தது. அவ்வளவுதான் விஷயம்.

நாடாவைப் பட்டைக்குள் புகுத்தி, இரண்டு முனையையும் அடைத்து, ஒயர் பற்றவைத்து, சோதித்து அனுப்புவது அவள் மேஜையின் வேலை. சோதிப்பதற்குக் கம்பெனி ஒரு மரக்கட்டை கொடுத்திருக்கிறது, உருண்டையாக, பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமனாக. சோதனைக் கதவில் பட்டையை மாட்டி, நடுவில் கட்டையை வைத்து மூடினால், கட்டையைத் தொட்டதும் கதவு திரும்பிப் போக வேண்டும். போனால் பாஸ். மற்றவர்கள் அத்தோடு விட்டுவிடுவார்கள். இவள் கட்டையை எடுத்துவிட்டுத் தன் சுண்டுவிரலை வைத்து இன்னொரு தடவை மூடுவாள்.

"ஏம்மா, கட்டை எதுக்குக் குடுத்திருக்கு?" என்று சூப்பர்வைசர் ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தார்.

"கட்டைக்கு வலிக்குமா சார்? வலிக்கிறத வச்சுத்தானே பாக்கணும்."

"விரல் போச்சுன்னா கம்பெனி பொறுப்பு கிடையாது, சொல்லிட்டேன்."

"விரல் போச்சுன்னா என் சரக்கு சரியில்லன்னு அர்த்தம். அப்புறம் விரல் இருந்து என்னத்துக்கு?"

இப்படிப் பேசுகிறவளிடம் யார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது? அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வெளியில் போனாலும் கை சும்மா இருக்காது. கடையில் லிஃப்ட் கதவு மூடப்போகும் நேரத்தில் விரலை நீட்டுவாள். தானாக மூடுகிற கார் ஜன்னலைக் கண்டால் போதும், நீட்டுவாள். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவள் புருஷன் வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிற தையல்காரர், பரம சாது. அந்த மாதிரி நேரங்களில் லிஃப்டின் கூரையில் ஏதோ படம் ஓடுவது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "நான் கட்டிக்கிட்டது முழு ஆளை. விரலும் கூடவே வந்துருச்சு, என்ன பண்றது?" என்பார்.

கல்யாணமான புதிதில் அவள் வேலைக்குச் சேர்ந்தது கலவைக் கூடத்தில். ரப்பரும் கரித்தூளும் சேர்ந்து அரைபடுகிற இடம். வேலை முடிந்து வெளியே வந்தால் கண்ணும் பல்லும்தான் வெள்ளை. முதல் நாள் வீட்டுக்குப் போனபோது மாமியார் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, யாரோ என்று பயந்து மறுபடி சாத்திக்கொண்டதாக அவளே கதை சொல்வாள். அதில் உண்மை எத்தனை பங்கு என்று தையல்காரரைக் கேட்டால் சிரிப்பாரே தவிர வாயைத் திறக்கமாட்டார். அப்புறம் கை நறுவிசாக இருக்கிறது என்று நாடா புகுத்துகிற மேஜைக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்தவள்தான். இப்போது பஸ் டிப்போவுக்குப் போகிற நீளப் பட்டைகள் முழுக்க அவள் கையால்தான். ஒவ்வொன்றின் முனையிலும் அவள் மேஜையின் முத்திரை பதிந்திருக்கும்.

நாடா புகுத்துவது சொல்லும்போது சுலபம். ஆள் உயரத்துக்கும் மேலே நீளமான பட்டை. அதன் குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டு, மறுமுனையில் நாடாவைக் கட்டி, முறுக்கிக்கொள்ளாமல் இழுக்க வேண்டும். ரப்பர் லேசில் விடாது, கவ்விப் பிடிக்கும். அதற்காகச் சோப்புத் தண்ணீரில் நனைத்து இழுப்பார்கள். அப்படியும் சாயங்காலத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வழுக்கிக்கொண்டு போகும்தான். ஆனால் இந்த ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. எண்ணெய் பட்டால் உறிஞ்சி உறிஞ்சி ஊதிவிடும். ஊதினால் உள்ளே குழாய் சுருங்கும். நாடா இரண்டும் யாரும் அமுக்காமலே தொட்டுக்கொள்ளும். அதனால் அந்தக் கூடத்தில் எண்ணெய்ப் புட்டியோடு பிடிபடுவதும் திருட்டுப் பொருளோடு பிடிபடுவதும் ஒன்றுதான். பிடிபட்டு வேலையை இழந்தவர்கள் உண்டு.

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா வேலைக்குப் போய்விடுவதால் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தது அவள்தான். அதனால்தானோ என்னவோ அவனுக்குக் கால் ஒரு இடத்தில் தரித்ததில்லை. வெல்டிங் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள், கண் எரிகிறது என்று வந்துவிட்டான். துணிக்கடையில் சேர்த்துவிட்டார்கள், முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கல்யாணம் ஆனால் திருந்துவான் என்றார்கள். கல்யாணம் ஆனது, கூட ஒரு ஆளுக்குச் சேர்த்து அக்கா கவலைப்பட்டாள். கடைசியில் பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிற வேலைக்குப் போனானே, அன்றைக்குத்தான் அவனுக்கு விடிந்தது.

பஸ் கழுவுவதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அவனைக் கேட்டுப் பாருங்கள். குழாயைப் பிடித்து நாலு பக்கமும் தண்ணீர் அடித்துவிட்டுப் போகிறவர்களை அவன் மனிதர்களாகவே மதிக்கமாட்டான். சக்கரத்தின் இடுக்கு, படிக்கட்டின் ஓரம், கண்ணாடியின் மூலை எல்லாம் துணியை விரலில் சுற்றித் துடைப்பான். டிப்போவில் அவனுக்குப் 'பளபளா' என்று பெயர் விழுந்துவிட்டது.

"மத்தவன் கழுவுனா அது கழுவுன பஸ்ஸு. நான் கழுவுனா புது பஸ்ஸு" என்று அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பீற்றிக்கொள்வான்.

"ஆமா, உங்க வீட்டுப் பாத்திரத்தை மட்டும் தொட்டுறாத" என்பாள் அக்கா. ஆனால் தெருவில் அவன் கழுவின பஸ் போனால் பக்கத்தில் நிற்கிறவரிடம், கேட்காமலே, அது என் தம்பி கழுவினது என்று சொல்லிவிடுவாள்.

வருஷக்கணக்காகத் தற்காலிகமாகவே இருந்தவனை இந்த முறை நிரந்தரமாக்கப் போவதாக டிப்போ மேனேஜரே அவன் தோளைத் தட்டிச் சொல்லியிருந்தார். ஆர்டர் மேலே கையெழுத்துக்குப் போயிருந்தது. தம்பி பெண்டாட்டி அதற்குள் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் டிப்போவிலிருந்து தொழிற்சாலைக்குப் புகார் வந்தது. பஸ் கதவுகள் தாமாகத் திறந்துகொள்கின்றன. வெயில் ஏறினால் ரொம்ப மோசம். மூடுகிறது, உடனே பேயைக் கண்டது போலப் பின்வாங்குகிறது. மறுபடி மூடுகிறது, மறுபடி பின்வாங்குகிறது. பயணிகள் சிரிக்கிறார்கள், டிரைவர்கள் திட்டுகிறார்கள், வண்டியெல்லாம் தாமதம். கழற்றிய பட்டைகளை ஒரு கட்டாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றின் முனையிலும் அவள் மேஜையின் முத்திரை.

தொழிற்சாலையின் லேப் பெண் ஒரு துண்டை வெட்டிப் பார்த்த உடனே சொல்லிவிட்டாள். ரப்பர் எண்ணெய் குடித்து ஊதியிருக்கிறது. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கேட்டவர்கள்தான் மிச்சத்தைத் தாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

"ஏம்மா, சோப்புத் தண்ணிக்குப் பதிலா எண்ணெய் போட்டு இழுத்தியா?" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அவளுக்கு நெருப்பை மிதித்தது போல இருந்தது. வேறு எதைச் சொல்லித் திட்டியிருந்தாலும் அங்கேயே பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பாள். இதற்கு, "இல்ல சார்" என்று மட்டும் சொன்னாள். விசாரணை முடிகிறவரை மேஜையில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெட்டுத் துண்டுகளைக் கூட்டிப் பொறுக்குகிற இடத்துக்கு அனுப்பினார்கள். அவள் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சோதனைக் கதவில் இப்போது வேறொருத்தி கட்டையை வைத்துப் பார்த்தாள்.

குப்பையில் விழுந்த, டிப்போவிலிருந்து வந்த பட்டைத் துண்டுகளில் ஒன்றை இவள் எடுத்து அமுக்கிப் பார்த்தாள். பஞ்சு மாதிரி கொழகொழத்தது. மேல்பக்கம்தான் அதிகம் ஊதியிருந்தது, உள்பக்கம் குறைவு. உள்ளே எண்ணெய் விட்டிருந்தால் உள்ளேயல்லவா ஊத வேண்டும்? மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். முகர்ந்தவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த வாசனை அவளுக்குத் தெரியும். தம்பி அவள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் கூடம் முழுக்க வீசுகிற வாசனை அது.

அன்று வேலை முடிந்ததும் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தான்.

"டேய், கதவு ரப்பரை எதை வச்சுடா துடைக்கிற?"

"ஏன்க்கா, நல்லா மினுங்குதா?" முகமெல்லாம் பல்லாகத் திரும்பினான்.

"எதை வச்சுன்னு கேட்டேன்."

"வெளிய சொல்லிடாத, தொழில் ரகசியம். துணில கொஞ்சூண்டு டீசல். ஒரு இழுப்பு இழுத்தா போதும், அப்படியே கருகருன்னு கண்ணாடி மாதிரி ஆயிரும். தினமும் காலைல எல்லா வண்டிக்கும் போட்டுருவேன்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். டீசலும் எண்ணெய்தான் என்றாள். அவன் முதலில் சிரித்தான். "டீசல்ல ஓடுற பஸ்ஸுக்கு டீசல் ஆகாதா? யார்கிட்ட கதை விடுற?" என்றான். அவள் ஊதிப்போன துண்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு போய்விட்டது. ஆனால் புத்தி வரவில்லை, ரோஷம்தான் வந்தது.

"உன் சரக்கு ஊதிப்போச்சுன்னா என் துணி மேல பழி போடுவியா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

இத்தனை வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. அதுவும் இவன் வாயிலிருந்து. 

"நாளைக்கே உங்க மேனேஜர்கிட்ட நீயே போய் சொல்லிடுடா. தெரியாம செஞ்சேன்னு சொன்னா மனுஷன் விட்டுருவாரு."

"எங்க மேனேஜரை உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? ஆர்டர் கையெழுத்துக்குப் போயிருக்கு. இப்பப் போய் நான்தான் உங்க கதவையெல்லாம் கெடுத்தேன்னு சொல்லவா?"

தம்பி பெண்டாட்டி நடுவில் வந்தாள். "அண்ணி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க. அப்புறம் எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்."

பொறுத்துக்கொண்டாள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சும்மா இல்லை. நான் எண்ணெய் போட்டதாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அவன் பிழைத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்துகொண்டு துண்டு பொறுக்கினாள். பேச்சு குறைந்தது. வீட்டிலும் தையல்காரரிடம் எரிந்து விழவில்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது. "ஒரு தடவையாவது திட்டேன்" என்று கேட்டுப் பார்த்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் தைப்பதை நிறுத்திவிட்டு, "ரெண்டு பக்கமும் உன் கைதான் நசுங்குது" என்றார். வேறு யோசனை எதுவும் அவரிடம் இல்லை.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில், ஒரு பெரியவர் ஏறிக்கொண்டிருந்தார். உடம்பு உள்ளே வந்துவிட்டது, பை மாட்டின கை இன்னும் வெளியே இருந்தது. கதவு மூடியது. மணிக்கட்டுக்கு மேலே கதவு கவ்வியது. திரும்பிப் போகவில்லை. கவ்வினது கவ்வினபடியே நின்று இன்னும் நெருக்கியது. பெரியவர் அலறினார், ஜனம் கத்தியது, அப்புறம்தான் டிரைவர் பொத்தானை அழுத்தித் திறந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் சிவப்பாக ஒரு கோடு, அதைத் தடவிக்கொண்டே அவர் உட்கார்ந்தார்.

அவள் டிரைவரிடம் போனாள். "ஏங்க, கதவு ஏன் திரும்பல?"

"இப்பல்லாம் திரும்புறதே இல்லம்மா" என்றார் அவர் சந்தோஷமாக. "சும்மா சும்மா தொறந்துக்கிட்டு உயிரை வாங்குச்சுல்ல? எங்க மெக்கானிக் ஒரு வழி பண்ணிட்டாரு. எல்லா வண்டிக்கும் பண்ணியாச்சு. இப்ப டாண்ணு மூடுது."

என்ன வழி என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டையிலிருந்து வருகிற ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்ன மின்தடையைச் சொருகினால் போதும். பட்டை நன்றாக இருக்கிறது, நடுவில் யாருமே இல்லை என்று கதவு நம்பிக்கொள்ளும். கை இருந்தாலும் அதற்குத் தெரியாது, கழுத்து இருந்தாலும் தெரியாது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெரியவரின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். தன் பெயர் கெட்டதைத் தாங்கினாள். இதை அவளால் தாங்க முடியவில்லை.

தொழிற்சாலைக்குப் போனதும் லேப் பெண்ணிடம் நல்ல பட்டையில் ஒரு துண்டும், மூடி போட்ட ஒரு பாட்டிலும், கொஞ்சம் டீசலும் கேட்டாள். லேப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, யாருன்னு உங்களுக்குத் தெரியும்போல" என்றாள். இவள் கையை நீட்டினாள். அவள் துருவாமல் கேட்டதைக் கொடுத்தாள். துண்டு டீசலில் ஊறியது.

சூப்பர்வைசர் டிப்போவுக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டிய நாள் வந்தது. தப்பு எங்கள் பக்கம்தான், அந்தப் பெண்ணை மாற்றிவிட்டோம், வேறு பட்டை தருகிறோம் என்று சொல்லி முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அவள் போய் நின்றாள். "என்னையும் கூட்டிட்டுப் போங்க சார். திட்டறதா இருந்தா என் முன்னாடியே திட்டட்டும்." அவர் யோசித்துவிட்டு, "வாம்மா" என்றார்.

போகிற வழியெல்லாம் மனசுக்குள் ஒரே கணக்குத்தான். டீசலைச் சொல்ல வேண்டும், தம்பியைச் சொல்லக் கூடாது. இத்தனை பேர் வண்டி கழுவுகிற இடத்தில் யாரோ ஒருத்தன் என்று போகட்டும். அவன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் போதும். இருப்பானா?

டிப்போ வளாகத்தில் ஒரு பஸ்ஸைத் தனியாக நிறுத்தி வைத்திருந்தார்கள். மேனேஜர், கதவு மெக்கானிக், நாலைந்து டிரைவர்கள், வண்டி கழுவுகிறவர்கள் என்று ஒரு கூட்டமே நின்றது. கழுவுகிறவர்களின் கடைசியில் தம்பி, கையில் வாளியோடு. அக்காவைக் கண்டதும் அவன் கண் விரிந்தது. அவள் அவன் பக்கம் பார்க்காமல் பஸ் படிக்கட்டுக்குப் போனாள்.

"கதவை மூடுங்க" என்று சொல்லிச் சுண்டுவிரலை நீட்டினாள்.

"யம்மா, கையை எடு! கையை எடு!" கதவு மெக்கானிக் பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டார்.

"ஏன்? பட்டைதான் இருக்கே. திரும்பிப் போயிரும்ல?" என்றாள்.

மெக்கானிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மேனேஜர் அவரைப் பார்த்தார். பிறகு தானே ஏறிக் கதவின் மேல்மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒயர் கழன்று தொங்கியது, அதற்குப் பதில் சொருகியிருந்த துண்டு கண்ணுக்கெதிரே இருந்தது. மேனேஜரின் முகம் மாறிவிட்டது. "எத்தனை வண்டில பண்ணிருக்க?" என்று கேட்டார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாத்துலயும்" என்றார். டிரைவர்கள்தான் உயிரை எடுத்தார்கள் என்றும் சொன்னார், அதிலும் பொய்யில்லை. பட்டை மாற்றுகிறவரை எந்த வண்டியும் வெளியே போகக் கூடாது என்று மேனேஜர் அங்கேயே உத்தரவு போட்டார்.

அப்புறம் அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். நல்ல துண்டு ஒன்று, டீசலில் ஊறின துண்டு ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஊறினது அட்டை ரத்தம் குடித்தது போலப் பருத்திருந்தது. அதன் குழாய் அடைபட்டே போயிருந்தது. யாரும் விளக்கம் கேட்கவில்லை.

"எங்க மேஜைல எண்ணெயும் கிடையாது, டீசலும் கிடையாது சார். இங்க யாரோ பளபளப்பா இருக்கட்டும்னு டீசல் போட்டுத் துடைக்கிறாங்க. கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல. தெரியாமத்தான் செஞ்சிருப்பாங்க. நிறுத்திட்டா போதும்."

சூப்பர்வைசர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தான், அவளை அல்ல, பருத்த துண்டை. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. இப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஐயோ பாவம் என்று இருந்தது.

"டீசல் போடறது யாரு?" என்றார் மேனேஜர். கழுவுகிறவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மேனேஜர் அவளிடம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

"இங்க யாராவது சொல்லித்தானே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்? யாரைத் தெரியும் உங்களுக்கு?"

"யாரையும் தெரியாது சார். இங்க எனக்கு யாருமே கிடையாது." குரல் நடுங்காமல் சொல்லிவிட்டாள். முடிந்தது, பிழைத்தான் என்று மூச்சு விட்டாள்.

தொப்பென்று வாளி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"யாருமே கிடையாதா?"

எல்லோரும் திரும்பினார்கள். தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னக்கா, என்னையே தெரியாதுங்கிற? நாலு பேர் முன்னாடி யாருமே கிடையாதுங்கிற? அன்னிக்கு ஏதோ வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதுக்காக இப்படியா அத்து விடுவ?"

"டேய், வாயை மூடுடா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மூட மாட்டேன். சார், இவங்க என் சொந்த அக்கா. என்னை இடுப்புல வச்சு வளர்த்தவங்க. டீசல் போட்டது நான்தான். இவங்க அன்னிக்கே வந்து சொன்னாங்க, நான்தான் கேக்கல. என்னை வேலையை விட்டு வேணா அனுப்புங்க. இவங்களை மட்டும் என்னைத் தெரியாதுன்னு சொல்ல விடாதீங்க!"

அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு டிரைவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டார். மேனேஜருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோபப்படுவதற்கு வைத்திருந்த முகத்தோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "டீசல் கேனை ஸ்டோர்ல வச்சுப் பூட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

வேலை போகவில்லை. ஆனால் ஆர்டர் நின்றுவிட்டது. இந்த முறை இல்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளை மறுநாளே மேஜைக்கு வரும்படி சூப்பர்வைசர் அங்கேயே சொல்லிவிட்டார். தயங்கித் தயங்கி, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றும் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள், அவர் சொன்னது காதில் முழுசாக ஏறவில்லை. வாசலைத் தாண்டித் தம்பி வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவளைத் தாண்டிப் போகப் பார்த்தான். அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மடையா. உன் ஆர்டருக்காகத்தாண்டா அப்படிச் சொன்னேன். நீ வாயை மூடிட்டு நின்னிருந்தா இந்நேரம் பெர்மனன்ட்."

"ஆர்டர் இன்னிக்கு இல்லன்னா அடுத்த வருஷம் வரும். எப்படிக்கா மனசு வந்துச்சு உனக்கு? கண்ணு கூட இமைக்கல நீ. பாத்துக்கிட்டேதானே இருந்தேன்."

"சரிடா, தப்புத்தான்."

"தப்புன்னு சொன்னா போதுமா? சொல்லு, நான் யாரு?"

"என்னடா இது, நடு ரோட்டுல..."

"சொல்லு."

"என் தம்பி."

"அங்க அத்தனை பேருக்குக் கேக்கற மாதிரிதானே தெரியாதுன்ன? இதையும் அதே மாதிரி சொல்லு."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வெட்கமாக இருந்தது, சிரிப்பாக வந்தது, அழுகையும் கூடவே வந்தது. அவன் சட்டையை விடாமல், டிப்போவின் பக்கம் திரும்பி, "இவன் என் தம்பி!" என்று கத்தினாள். வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் திடுக்கிட்டு எழுந்து, "சரிம்மா" என்றார்.